பிரீதரில் கட்டிய தோல் பை

ஒழுகுகிற வண்டியைக் கண்டு நான் பயந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தவன் நான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகு, அந்த நட்டை முறுக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, கையைக் கழுவிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி ஓடியவன். போய்ப் பார்த்தால் முறுக்கித்தான் இருக்கும். ஆனாலும் மறுநாளும் ஓடுவேன். ஆம்பூர் பஜாரில் எனக்குப் பயந்தாங்கொள்ளி மிஸ்திரி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் வண்டியை என்னிடம்தான் விட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பிகளே, உங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயத்தில் கோபம் வருகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில் விழுந்துவிட்டால் போதும், மானமே போய்விட்டது போல அதை அடைக்க ஓடுகிறீர்கள். பசையை அப்புகிறீர்கள், வாஷர் மேல் வாஷர் போடுகிறீர்கள். சொட்டு விழுகிற இடம் வேறு, ஆயில் கிளம்புகிற இடம் வேறு. ஓடுகிற வண்டியில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், கனம் கீழே இழுக்கும். துடைத்து, பவுடர் தூவி, ஓட்டிவிட்டு வந்து, எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் எது நனைந்திருக்கிறதோ அதைப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வந்தது ஒழுகாத ஒரு வண்டியைப் பற்றி.

அறுபதுகளின் தொடக்கம். ஆம்பூரில், பெங்களூர் ரோட்டின் மேலேயே காசிம் பாய் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். நான் அவரிடம் மிஸ்திரி. தோல் பதனிடுகிற ஷெட்டுகளில் வேலை பார்க்கிற மேனேஜர்கள், தோல் வாங்க ஊர் ஊராய்ச் சுற்றுகிற தரகர்கள், இவர்களுடைய வண்டிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பாய் நல்ல மனுஷர், ஆனால் மூக்கின் மேல் கோபம். தமிழிலும் உருதுவிலும் மாறி மாறித் திட்டுவார், திட்டி முடித்ததும் அதே ஆளுக்கு டீ வாங்கித் தருவார்.

எங்களிடம் வண்டி விடுகிறவர்களில் சம்பந்தம் என்று ஒருவர். தோல் ஷெட் ஒன்றில் ரகம் பிரிக்கிற மேஸ்திரி. பதப்படுத்திய தோலைத் தடவிப் பார்த்து, இது முதல் ரகம், இதில் கத்தி பட்டிருக்கிறது, இது நோயில் செத்த ஆடு என்று சொல்லிவிடுவார். ஷெட் முதலாளி ஓட்டிப் பழசாக்கின முந்நூற்றைம்பது சி.சி. வண்டியை அவருக்குக் கொடுத்திருந்தார். சம்பந்தம் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் ஜாஸ்தி. கோவணம் மாதிரி ஒரு மஞ்சள் துணி எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கும். ரொம்ப ஜாக்கிரதையான மனுஷர். பஸ் ஹார்ன் கேட்டால் ரோட்டை விட்டே இறங்கி நிற்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், என் ஜாதி என்று நினைத்துக்கொள்வேன். பயந்தாங்கொள்ளி ஜாதி.

அந்த வண்டியைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதில் ஆயில் இருக்கிற அறை இன்ஜின் உடம்புக்குள்ளேயே இருக்கும். பம்பு அதை மேலே அனுப்பும், சுற்றி வந்ததைத் திரும்ப அறைக்கே இழுத்துக்கொள்ளும். வண்டி வாரக்கணக்கில் சும்மா நின்றால், அறையில் இருக்கிற ஆயில் மெல்ல மெல்ல நழுவிக் கீழே கிராங்க் தண்டு சுற்றுகிற வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது ஆயில் அளவு பார்க்கிற குச்சியைத் தூக்கிப் பார்த்தால் காய்ந்து கிடக்கும். ஆயில் எங்கேயும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பம்பு அதை மறுபடி அறைக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே முதலில் ஓட்டு, பிறகு பார். சர்வீஸ் செய்து வண்டியைக் கொடுத்தபோது சம்பந்தத்துக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன், சூடான இன்ஜினில் குச்சியை எடுத்து அளவையும் காட்டினேன்.

சொல்வது சுலபம். குச்சி காய்ந்திருக்கும்போது அந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அளவு தெரிய வேண்டுமானால் இன்ஜினை ஓட்ட வேண்டும். ஆயிலே இல்லாத இன்ஜினை ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எதை முதலில் நம்புவது? பயப்படுகிறவன் ஊற்றத்தான் செய்வான். நானாக இருந்தாலும், எனக்கு இந்தத் தொழில் தெரியாமல் இருந்திருந்தால், ஊற்றியிருப்பேன்.

அன்றைக்குக் காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டு முடித்த நேரம், சம்பந்தத்தின் தம்பி கோவிந்தன் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனும் அதே ஷெட்டில்தான் வேலை. இறங்கும்போதே சத்தம்.

"இன்னா பாய், இது நாயமா? சர்வீஸ்னு வண்டிய உட்டா ஆயிலை உறிஞ்சிட்டுத்தான் குடுப்பீங்களா?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னாடா சொல்ற?"

"சர்வீஸ் பண்ணி எடுத்தாந்து மூணு வாரம், வண்டிய வெளிய எடுக்கவே இல்ல. எங்க அண்ணன் இன்னிக்குக் காலையில குச்சிய எடுத்துப் பாக்குறாரு, ஒரு பொட்டு ஆயில் இல்ல. அண்ணி வீட்டுல கல்யாணம், குடியாத்தம் போவணும், கைக்கொழந்தைய வேற எடுத்துகினு. நல்ல வேளை, வீட்டுல புது டின் ஒண்ணு இருந்தது. முழுசா ஊத்திட்டுத்தான் கெளம்பனாரு. இல்லன்னா நடுரோட்டுல இன்ஜின் பிடிச்சிருக்கும், இன்னா ஆவுறது?"

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "என் கடையில ஆயில் திருடுவாங்களா? டேய், உங்க அண்ணன் எதுக்கு உன்ன முன்னாடி அனுப்புறான்? அவனக் கூட்டியா!" என்று ஆரம்பித்து உருதுவுக்குள் போய்விட்டார்.

தம்பிகளே, ஒரே பேச்சுத்தான். பாய்க்கு அதில் திருட்டுப் பழி மட்டும் கேட்டது. எனக்கு முழு டின் என்பது மட்டும் கேட்டது. கீழே வயிற்றில் பழைய ஆயில், மேலே அறையில் புது ஆயில். மானத்துக்குப் பதில் சொல்ல அப்புறம் நேரம் இருக்கும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியதே, அதுதான் இந்தத் தொழிலில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் முதலாவது.

"கோவிந்தா, ஸ்டார்ட் பண்ணும்போது பிரீதர் வழியா ஆயில் கக்கலையா?" என்று கேட்டேன். பிரீதர் என்பது இன்ஜின் மூச்சு விடுகிற குழாய். உள்ளே ஆயில் ஜாஸ்தியானால் அதன் வழியாகத்தான் வெளியே வரும். அந்த வண்டியில் அந்தக் குழாயின் வாய் இடது பக்கம், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், செயினின் மேல் முடியும்.

"கக்கிச்சு மிஸ்திரி! அண்ணி பட்டுப்பொடவையோட ஓரமெல்லாம் ஆயிட்டுது. அண்ணி ஏற மாட்டேன்னுட்டாங்க. எங்க அண்ணன் யாரு? உள்ள போய் மெத்துனு ஒரு தோலை எடுத்தாந்து, பையாட்டம் தைச்சு, மெழுகு நூல் போட்டு, குழாய் வாய்ல கம்பி வெச்சு இறுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரல. ஒரு சொட்டு!"

பெருமையாகச் சிரித்தான்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஒரு கந்தலைச் சுற்றியிருப்பான். கந்தல் ஊறும், சொட்டும், நாம் பார்த்துவிடலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதற்கும் தோல். கதவு கிரீச்சிட்டால் தோல், பம்பு ஒழுகினால் தோல், கட்டில் ஆடினால் காலுக்கு அடியில் தோல். அதிலும் சம்பந்தம் தைத்தால் தண்ணீர்கூட வெளியே வராது. அவருடைய கைத்திறமைதான் எனக்கு அப்போது எமனாகத் தெரிந்தது. உள்ளே இருக்கிற ஆயில் எங்கேயாவது போயாக வேண்டும். பை தாங்கினால் இன்ஜினில் எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வரும். பை தாங்காவிட்டால், வேகத்தில் போகும்போது மொத்தமும் ஒரே மூச்சில் பின் டயரின் மேல் கொட்டும். பின்னால் ஒரு பக்கமாய் உட்கார்ந்திருக்கிற பெண், மடியில் குழந்தை, எதிரே லாரி.

"எவ்ளோ நேரம் ஆச்சு அவங்க கெளம்பி?" என்றேன்.

"இப்பதான். நான் அவங்கள ரோட்டு வரைக்கும் ஏத்திவுட்டுட்டு நேரா இங்கதான் வர்றேன்."

"பாய், வண்டிய எடுங்க. போவணும்."

"எங்க போவணும்? இவன் என்னைத் திருடன்றான், நீ..."

"பாய், அந்தக் கொழந்தைக்கு இன்னா ஆச்சுன்னு சாயந்திரம் யாராச்சும் வந்து சொன்னா, உங்களுக்குச் சோறு எறங்குமா?"

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். தன் வண்டியை உதைத்தார், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தை நான் பலமுறை கனவில் போயிருக்கிறேன். ரோட்டில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். லாரி விட்ட கறுப்புச் சொட்டுகள் நிறைய இருந்தன. சம்பந்தம் ஊற்றியது புதிது, கறுத்திருக்காது. அப்படி ஒன்றுகூட இல்லை. வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு பர்லாங்கிலும் ஒரு சொட்டாவது தெரியாதா என்று ஏங்கினேன். சொட்டினால் பை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது என்று அர்த்தம். சொட்டவில்லை என்றால் நிரம்பிக்கொண்டே இருக்கிறது.

"இன்னா தெரியுதா?" என்று பாய் முன்னாலிருந்து கத்தினார்.

"ஒண்ணும் தெரியல பாய்!"

"நல்லதுதானே!"

"இல்ல பாய், அதான் பேஜாரே!"

மாதனூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் ஒரு கூட்டம். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பாய் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டார், வண்டி தானாக மெதுவானது. கூட்டத்துக்கு நடுவே ஏதோ ஈரமாக, சிவப்பாகக் கிடந்தது. இறங்கி ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன். ஒரு மாட்டு வண்டியின் அச்சு முறிந்து, உப்புப் போட்ட பச்சைத் தோல் கட்டு ரோட்டில் சரிந்து கிடந்தது. பெண்கள் வாயைப் பொத்தியது நாற்றத்துக்காக. வண்டிக்காரன் நாய்களைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் வந்து கையைப் பிடித்துத் தூக்கினார்.

மாதனூரில்தான் பெரிய சிக்கல் வந்தது. குடியாத்தத்துக்கு இரண்டு வழி. அங்கேயே இடது பக்கம் திரும்பிப் பாலாற்று மணலைக் கடந்து போனால் கிட்டம். திரும்பாமல் பெரிய ரோட்டிலேயே பள்ளிகொண்டா வரை போய்த் திரும்பினால் சுற்று, ஆனால் நல்ல ரோடு. முனையில் டீக்கடை. கடைக்காரரைக் கேட்டோம்.

"பின்னாடி பொம்பளைய உக்கார வெச்சிகினு ஒரு மோட்டார் சைக்கிள் ஆத்துப் பக்கம் திரும்பிச்சே. இப்பதான். நான் கண்ணால பாத்தேன்."

"கொழந்தை இருந்துச்சா?"

"அதக் கவனிக்கல."

பாய் ஹேண்டிலைத் திருப்பிவிட்டார். "ஆத்துப் பக்கம்தான். பாத்தேன்றாரே."

எனக்கு மனது ஒப்பவில்லை. டீக்கடைக்காரர் பார்த்தது ஒரு வண்டி. நான் தேடுவது ஒரு ஆள். குச்சி காய்ந்திருப்பதைப் பார்த்து இன்ஜினை உதைக்கவே பயந்தவர், கைக்குழந்தையோடு ஆற்று மணலில் வண்டியை இறக்குவாரா? மணலில் சக்கரம் ஆடும் என்கிற ஒன்றே போதும், அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். அந்த டின்னை ஊற்றிய பயம்தான் அவரை நேர் ரோட்டில் கொண்டுபோயிருக்கும். மனம் இப்படிச் சொன்னது. ஆனால் கண்ணால் பார்த்தவர் ஒருவர் எதிரே நிற்கிறார். அவர் சரியாகவும் நான் தப்பாகவும் இருந்தால், நான் அந்தக் குடும்பத்தை விட்டு விலகி வேறு திசையில் போய்க்கொண்டிருப்பேன்.

"நேரா போங்க பாய்."

"நிச்சயமா?"

"நிச்சயம் இல்ல. ஆனா நேரா போங்க."

பாய் அதற்குமேல் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். நிச்சயமில்லாமல் ஒரு முடிவைச் சொல்கிறவனோடு கூட வருவது, நிச்சயமாகச் சொல்கிறவனோடு வருவதைவிடக் கஷ்டம். பள்ளிகொண்டா வரைக்கும் நான் தப்புச் செய்துவிட்டேன், தப்புச் செய்துவிட்டேன் என்று மனதுக்குள் அடித்துக்கொண்டே போனேன். எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் டிரைவர் முகத்தையும் பார்த்தேன், ஏதாவது விபத்தைக் கடந்து வந்த முகமா என்று. ஒரு இடத்தில் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடலாம் என்று பாயின் தோளைத் தொடக்கூடப் போனேன். தொடவில்லை.

பள்ளிகொண்டா கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ரோடு சரிவாக இறங்கும். அந்தச் சரிவு தொடங்குவதற்கு முன்னால், ஒரு புளியமரத்துக்கு அடியில், மஞ்சள் துணியால் வண்டியின் டேங்கைத் துடைத்துக்கொண்டு சம்பந்தம் நின்றிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"இன்னா மிஸ்திரி, நீங்க எங்க இந்தப் பக்கம்? கல்யாணத்துக்கா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவருடைய மனைவி கஸ்தூரி கொஞ்சம் தள்ளி மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தாள். குடியாத்தத்தில் கைத்தறி நெய்கிற குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். மடியில் குழந்தை.

"ஏன் நின்னீங்க?" என்றேன்.

"புள்ளைக்குப் பசி, பால் குடுக்கணும்னு இவ சொன்னா. நின்னோம். இதப் பாருங்க மிஸ்திரி." குனிந்து பின் சக்கரத்துப் பக்கம் காட்டினார். "கக்கிகினே இருந்தது. நான் தைச்சேன். ஒரு சொட்டு இல்ல பாருங்க."

பார்த்தேன். கறக்காத ஆட்டின் மடி மாதிரி அந்தப் பை வீங்கித் தொங்கியது. டயருக்கும் அதற்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாது.

"அதத் தொட்டுப் பாருங்க," என்றேன்.

அவர் தொட்டார். தோல் விஷயத்தில் அவருடைய விரல்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. குழாயின் வாயருகே விரலை வைத்ததும் நிறுத்தினார். மறுபடி தடவினார். இன்ஜினிலிருந்து வந்த ஆயிலின் சூட்டில் அந்த இடத்தில் தோல் வெந்து, சுருங்கி, கல்லாக இறுகிப்போயிருந்தது. சுருங்கின தோல் தையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"வெந்துபோச்சு," என்றார். "வெந்த தோல்ல நூல் நிக்காதே."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலேயே தையல் விட்டது. சூடான ஆயில் அவர் விரல்களில் வழிந்து, செயினில் விழுந்து, டயரை நனைத்துக்கொண்டு புழுதியில் ஓடியது. கையை உதறக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஆயில் ஓடுவதையும், அதற்கு அப்பால் ரோடு சரிவாக இறங்குவதையும், ஒரு லாரி பிரேக் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் போவதையும் மாறி மாறிப் பார்த்தார். காசிம் பாய் அல்லாவை நினைத்து வாய்க்குள் ஏதோ துவா சொன்னார். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த திட்டு முழுவதையும் அங்கேயே விட்டுவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, தொழில் பேச்சைப் பேசிவிடுகிறேன். குச்சி காய்ந்திருந்தால் கையில் டின்னை எடுக்காதீர்கள். முதலில் கேள்வி கேளுங்கள். வண்டி எத்தனை நாளாக நிற்கிறது, கடைசியாக ஊற்றியது யார், நிற்கிற இடத்தில் தரை நனைந்திருக்கிறதா? தரை காய்ந்திருந்தால் ஆயில் உள்ளேதான் இருக்கிறது. அப்படியும் மனது கேட்கவில்லையா, மனதுக்காக ஒரு சின்னக் கிண்ணம் ஊற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம். மெதுவாக ஓடவிடுங்கள், நிறுத்துங்கள், பொறுத்துப் பாருங்கள். வாடிக்கைக்காரரிடம் ஓட்டிவிட்டுப் பார் என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. ஓட்டப் பயமாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன். ஒழுக்கு என்று ஒரு வண்டி வந்தால், எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இதை யாராவது எங்கேயாவது அடைத்தார்களா என்று கேளுங்கள். மூச்சு விடுகிற இடத்தை அடைத்துவிட்டு மற்ற இடத்தில் பசை பூசுகிறவன் மிஸ்திரி இல்லை.

சரி, மரத்தடிக்கு வருகிறேன். மிச்ச ஆயிலை அளவு பார்த்து இறக்கினோம். டயரை மண் போட்டுத் தேய்த்தோம். ஆனால் பிரேக் டிரம்முக்குள்ளேயும் ஆயில் போயிருந்தது, அந்த வண்டியில் அன்றைக்கு யாரையும் பின்னால் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். பள்ளிகொண்டா போகிற பஸ்ஸை நிறுத்தி இவர்களை ஏற்றிவிடுவது, அங்கே குடியாத்தம் பஸ் மாறிக்கொள்வது, நானும் பாயும் ஆளுக்கொரு வண்டியை மெல்ல ஆம்பூருக்கு ஓட்டிப்போவது என்று முடிவாயிற்று.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் நான் அந்தக் குழந்தையைக் கவனித்தேன். பெண் குழந்தை. உதட்டோரத்தில் காய்ந்த பால்கோடுகூட இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கியது. நாங்கள் வந்ததிலிருந்து இத்தனை சத்தத்திலும் அது கண்ணைத் திறக்கவில்லை. பசித்த குழந்தை இப்படித் தூங்காது. சம்பந்தமும் அதே நேரத்தில் அதைப் பார்த்தார்.

"பால் குடுக்கணும்னியே?" என்று மனைவியைக் கேட்டார்.

கஸ்தூரி தலையைத் தூக்கவில்லை. புடவையின் எண்ணெய்க் கறை பட்ட ஓரத்தை மடித்து உள்ளே செருகினாள்.

"என் காலுக்குப் பக்கத்துலதாங்க அந்தப் பை. ஊதிகினே வந்தது. ரெண்டு வாட்டி சொன்னேன், ஆயில் பை ஊதுது, நிறுத்துங்கன்னு. நான் தைச்சது ஒண்ணும் ஆவாதுன்னீங்க. மூணாவது வாட்டி, புள்ளைக்குப் பசின்னு சொன்னேன். உடனே நிறுத்தினீங்க."

காசிம் பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நான் மாதனூர் முனையில் எடுத்த முடிவு, பாய் கைப்பிடியைத் திருகின வேகம், எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. சரிவுக்கு முன்னால் நிறுத்தியது அந்தப் பெண்தான். நாங்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தோம்.

சம்பந்தம் ஆயில் கையை வேட்டியில் துடைத்தார், நன்றாகப் போகிறவரை துடைத்தார். பிறகு அவள் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அவளும் கொடுத்தாள். பஸ் வந்து நின்றது. கஸ்தூரி ஏறி, சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"கொழந்தைய அம்மா கைல குடுத்துட்டு ஏறுங்க சார், வண்டி நிக்காது," என்று கண்டக்டர் அவசரப்படுத்தினான்.

சம்பந்தம் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஒரு கையால் குழந்தையை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துத் தடுமாறி ஏறினார். பஸ் கிளம்பி அந்தச் சரிவில் இறங்கியது. ஜன்னலில் பார்த்தேன், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் அவர் குழந்தையைக் கொடுக்கவில்லை.